பார்க்காத வண்டிக்கு ஒரு ஜோடி மவுண்டிங்

போன வாரம் மகளுக்குப் பரீட்சை முடிந்ததென்று சிங்கப்பூர்த் தேக்காவில் லட்டு வாங்கப் போயிருந்தேன். மதிப்பெண் வந்த பிறகு அல்லவா லட்டு என்று கேட்பீர்கள். மதிப்பெண் வந்த பிறகு வாங்குகிற மனநிலை இருக்குமோ இருக்காதோ, அதனால் முன்கூட்டியே வாங்கிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். கடைப்பெண் தட்டையாக அடுக்கியிருந்த அட்டைகளில் ஒன்றை உருவி, நாலு மடிப்பு மடித்துப் பெட்டியாக்கினாள். புது அட்டையும் நெய்யும் கலந்த அந்த வாசனை வந்ததும் ஒரு மனிதனுக்கு என்ன ஞாபகம் வர வேண்டும்? தீபாவளி, கல்யாணம், காதுகுத்து, ஏதாவது நல்ல காரியம். எனக்கு டர்போ வைத்த இன்ஜின் ஞாபகம் வந்தது. இனிப்புக் கடை வாசலில் நின்று இன்ஜினை நினைத்து நான் சிரிப்பதைப் பார்த்து, பின்னால் வரிசையில் நின்ற அம்மா கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

பல வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது நான் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். சும்மா வெல்டர் இல்லை, சிக்ஸ் ஜி பாஸ் செய்த வெல்டர். அது என்ன என்று கேட்காவிட்டாலும் சொல்வேன், அந்த நாளில் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஓர் இரும்புக் குழாயைச் சாய்வாகக் கட்டிவிடுவார்கள். அதை நகர்த்தக் கூடாது. நாம்தான் குனிந்து, மல்லாந்து, கழுத்தைத் திருப்பிச் சுற்றி வந்து ஒட்ட வேண்டும். பிறகு எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்ப்பார்கள், உள்ளே ஓர் ஊசி நுழையும் ஓட்டை இருந்தாலும் பெயில். நான் முதல் தடவையிலேயே பாஸ். அந்தத் திமிர் ஒரு வருடத்துக்கு மேல் தலையிலேயே உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எல்லோரையும் போல நானும் தேக்காவுக்குப் போய்விடுவேன். முடி வெட்ட, போன் கார்டு வாங்க, தெரிந்த முகம் தேட. ஒரு ஞாயிறு, என் கைக்குப் பொருந்துகிற தோல் கையுறை தேடி, ஒரு சந்தில் இருந்த இரும்புச் சாமான் கடைக்குள் நுழைந்தேன். நாகூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே வந்து நிலைத்த குடும்பத்தின் கடை. கல்லாவில் என் வயதில் ஒரு பெண் இருந்தாள். பெயர் நஸ்ரீன் என்பதும், வார நாளில் விமானச் சரக்கு ஆபீசில் வேலை, ஞாயிறு மட்டும் அத்தாவுக்குப் பதிலாகக் கடை என்பதும் பிறகுதான் தெரியும். முதலில் என் கண்ணில் பட்டது அவள் முன்னால் கிடந்த ஓர் உடைந்த இரும்புத் துண்டு. ஒட்டிய இடத்திலேயே விரிந்திருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“யாருங்க இதை ஒட்டினது? காக்கா எச்சம் போட்ட மாதிரி இருக்கு.”

கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கோபப்படவில்லை.

“ஜேபில ஒருத்தர். ஏன், நீங்க நல்லா ஒட்டுவீங்களா?”

“நான் கப்பலையே ஒட்டுறேங்க.”

“கப்பல் வேணாம்ணே. ஒரு சின்ன கார்தான்.”

அந்தக் காரின் கதை இது. பாலம் தாண்டி மலேசியாவில் இருக்கிற ஜொகூர் பாரு, அவள் சொன்ன ஜேபி, அங்கே இருந்த அவளுடைய மாமாவிடம் எழுபதுகளில் வந்த இரண்டு கதவு ஜப்பான் கார் ஒன்று இருந்தது. கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் செய்த காரில் நாங்கள் செய்த அட்டூழியத்துக்கு அவர்கள் பொறுப்பாக மாட்டார்கள். மாமா அதில் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வருவார். நஸ்ரீன் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பந்தயத்தில் விட்டாள். ஜொகூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் அனுமதியோடு நடக்கிற பந்தயம். கால் மைல் நேர்ப்பாதை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டி, பச்சை விளக்கு எரிந்ததும் மிதிக்க வேண்டியது, அவ்வளவுதான். வளைவு கிடையாது, சூழ்ச்சி கிடையாது. அந்த மீன் வண்டி கால் மைலைக் கடக்க இருபத்தொரு விநாடி எடுத்துக்கொண்டது.

“பக்கத்துல ஓடுனவன் முடிச்சிட்டு இறங்கி நின்னு தண்ணி குடிச்சிட்டு இருந்தான்ணே. எனக்கு ஒரு தடவை பதினாலுக்குள்ள வரணும். ஒரே ஒரு தடவை போதும்.”

அதற்காக ஒரு ‘ஹாஃப் கட்’ வாங்கினாள். ஜப்பானில் சில வருடமே ஓடிக் கழித்துக் கட்டிய காரை நடுவில் அறுத்து, இன்ஜின் இருக்கிற முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புவார்கள். ஜொகூரில் அதற்கென்றே கடைகள் உண்டு. அந்தப் பாதியிலிருந்து டர்போ இன்ஜினைக் கழற்றி மாமாவின் காருக்குள் இறக்கினார்கள். சிங்கப்பூரில் இதைச் செய்வதென்றால் மனு மேல் மனு போட்டு, அனுமதி வருவதற்குள் நஸ்ரீனுக்குப் பேத்தி பிறந்திருக்கும். இறக்கிய இன்ஜின் காரில் நிற்க வேண்டுமே, அதைத் தாங்குவதற்கு இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என இரண்டு இரும்புத் தாங்கிகள். அதற்குத்தான் மவுண்டிங் என்று பெயர். முதலில் செய்த மவுண்டிங் வெள்ளோட்டத்திலேயே விரிந்துவிட்டது. நல்ல வேளை, வண்டி அப்போது வாசலைக்கூடத் தாண்டவில்லை.

“வேகமா போறப்ப விட்டிருந்தா என்னாகும்?” என்று கேட்டேன்.

“இன்ஜின் ஸ்டீயரிங் மேல உக்காந்திருக்கும். அப்புறம் வண்டி அது இஷ்டத்துக்குப் போயிருக்கும்” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையுறையைக்கூட வாங்காமல், நான் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது சுலபம். வண்டி இருப்பது பாலத்துக்கு அந்தப் பக்கம், நான் இருப்பது இந்தப் பக்கம். என் பாஸ்போர்ட்டுக்கு அந்தப் பக்கம் போக விசா வேண்டும், கம்பெனிக் கடிதம் வேண்டும், லீவு வேண்டும். மூன்றும் சேர்ந்து கிடைப்பது சிக்ஸ் ஜியைவிடக் கஷ்டம். ஆகவே நஸ்ரீன் ஒரு வழி கண்டுபிடித்தாள். கடைக்குப் பக்கத்தில் ஓர் இனிப்புக் கடை, மடிக்காத பெட்டி அட்டைகள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். சனிக்கிழமை அட்டையோடு பாலம் தாண்டிப் போவாள். இன்ஜினுக்கு அடியில் படுத்து, அட்டையை வைத்து வெட்டி, போல்ட் வருகிற இடங்களில் பென்சிலால் சுழித்து, ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கொண்டுவருவாள். நான் அதைத் துவாஸுக்கு எடுத்துப்போய், தகட்டில் வைத்து வரைந்து, வெட்டி, ஒட்டி, அடுத்த ஞாயிறு கொடுப்பேன். போனில் படமும் காட்டுவாள். படத்தில் இருட்டும் ஓர் அளவு டேப்பும் தெரியும். காசு வாங்கவில்லை. காசு வாங்கினால் அது வேலை, வேலை செய்ய எனக்குத் துவாஸில் மட்டும்தான் அனுமதி. அவள் அம்மா கொடுத்தனுப்புகிற பிரியாணியை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

யார்டில் எங்கள் சூப்பர்வைசர் லிம்மிடம்தான் முதலில் போய் நின்றேன். கழிவுத் தகட்டில் பழகுவதற்கு வெல்டர்களுக்கென்று ஒரு மூலை உண்டு, அதைக் கேட்டேன். கள்ளத்தனம் பண்ண எனக்குத் தைரியம் போதாது, உண்மையையே சொன்னேன். அட்டையை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

“வாட் இன்ஜின்?” என்றார்.

சொன்னேன். கண்ணை மூடித் திறந்தார். மனிதர் பழைய கார்ப் பைத்தியம் என்பது எனக்குத் தெரியாது.

“ஓகே லா. லஞ்ச் டைம் ஒன்லி. யூ டோன்ட் ஷேம் மீ ஆ.”

தகட்டை வெளியே கொண்டுபோக கேட் பாஸிலும் அவரே கையெழுத்துப் போட்டார்.

இப்போது என் வாழ்க்கையின் மிகப் பெரிய தொழில் தவற்றுக்கு வருகிறேன். அந்த இனிப்புக் கடைப் பெட்டியின் மேல் பக்கத்தில் ஒரு பெரிய பிள்ளையார் படம் அச்சடித்திருப்பார்கள். உட்பக்கம் வெறும் வெள்ளை. நஸ்ரீன் என்ன செய்தாள், வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்து வரைந்து வெட்டினாள். பென்சில் எழுத்து தெரிய வேண்டுமே. நான் என்ன செய்தேன், யார்டில் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், பிள்ளையார். தும்பிக்கையில் பாதியும் ஒரு காதும் வெட்டுப்படாமல் இருந்தன. சுவாமியை எண்ணெய்த் தகட்டின் மேல் முகம் குப்புறப் போட்டு அழுத்தி வரைய என்னால் முடியவில்லை. அவரை மேலே பார்த்தபடி வைத்து, மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டு, சுற்றிலும் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் தகடு. கப்பலில் அதுதான் மெலிசு. ஐந்து மத்தியானம் சாப்பாட்டைப் பாதியில் விட்டுச் செய்தேன். இரண்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாறிப் பிறந்தன.

வாங்கிப்போய்ப் பொருத்திப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு அவள் கடையில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தாள். இரும்பு இரண்டும் கல்லா மேல் கிடந்தன.

“வலது பக்கத்துல ஸ்டீயரிங்கைச் சுத்தி வளைஞ்சு போகணும்ணே. இது ஸ்டீயரிங் உள்ளயே போகுது. அட்டையைத் திருப்பி வெச்சீங்களா?”

விஷயத்தைச் சொன்னேன். அவள் கல்லாவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“தப்பு என்னுதுதான். நான் பிள்ளையாரைப் பாக்கவே இல்லைணே. அடுத்த தடவை பிஸ்கட் பெட்டில வரையுறேன். பிஸ்கட்ல யாரும் இல்லை. அப்புறம், செக்பாயின்ட்ல எக்ஸ்ரேல போட்டுட்டு என்னைத் தனியா கூப்பிட்டுட்டாங்க. இவ்ளோ கனத்துக்கு ஏன்ணே பண்றீங்க, இது காருக்கா, கப்பலுக்கா?”

மாறிப் பிறந்த ஜோடியை லிம் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் மேசையில் காற்றுக்குப் பறக்கும் தாள்களை அவை வெகு காலம் அடக்கிவைத்திருந்தன.

இரண்டாவது ஜோடியை எட்டு மில்லிமீட்டரில் செய்தேன். இடது பக்கத்தது அழகாக வந்தது. வலது பக்கத்தது, ஸ்டீயரிங்கைச் சுற்றி வளைகிற அந்த மூட்டு, அதுதான் முழுப் பாரத்தையும் தாங்குகிற இடம். வெள்ளிக்கிழமை மத்தியானம் அதை ஒட்டிக்கொண்டிருந்தபோது பாதியில் சங்கு ஊதிவிட்டது. லஞ்ச் முடிந்தால் கையை எடுத்தே ஆக வேண்டும். சனிக்கிழமை வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். முறைப்படி என்றால் நிறுத்திய இடத்தை கிரைண்டரால் குடைந்தெடுத்துவிட்டு ஒட்ட வேண்டும், விரிசல் பிறப்பதே அங்கேதான். நானோ அவசரத்தில் மேலோட்டமாகத் தேய்த்துவிட்டுத் தொடர்ந்துவிட்டேன். மேலே பார்த்தால் அருமையாக இருந்தது. உள்ளே எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கொடுக்கும்போது “கப்பலே தாங்கும்” என்றேன். வாய் கூசவில்லை. கூசியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்த இடம் என்னைத் தூங்கவிடவில்லை. திருப்பி வாங்கி மறுபடி ஒட்டித் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த மாதம் எனக்குத் தேக்காவில் ஒரு பேராகிவிட்டது. நஸ்ரீன் வருகிறவர்களிடமெல்லாம் “நம்ம அண்ணன், சிக்ஸ் ஜி” என்று அறிமுகம் செய்துகொண்டிருந்தாள். என் அறைக்காரர்கள் நானே பந்தயம் ஓட்டப் போவது போலப் பேசினார்கள். இத்தனைக்கு நடுவில் பிசகைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு காரணம் ஏதும் இல்லை.

பந்தய நாள் வந்தது. அதுவும் ஞாயிறு, நல்ல வெயில். நாங்கள் ஏழெட்டுப் பேர் தேக்காவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு செய்தித்தாள், அதன் மேல் முறுக்கு, முறுக்குக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரில் போட்ட என் போன். அந்தக் காலத்து பட்டன் போன். மறுமுனையில் நஸ்ரீன்.

“அண்ணே, பெல்ட் மாட்டிட்டேன். அடுத்தது நாங்கதான். போனை மாமாகிட்ட குடுத்துடுறேன், அவர் கிளம்புற கோட்டுப் பக்கத்துல நிப்பாரு.”

“தங்கச்சி, ஒரு நிமிசம்.”

“சொல்லுங்கண்ணே.”

“அந்த வலது பக்கம்...”

“என்னண்ணே, கேக்கலை?”

சுற்றி இருந்த முகங்கள் எல்லாம் என்னையே பார்த்தன. ஒருவன் முறுக்கைக் கடிக்காமல் வாயருகே பிடித்திருந்தான்.

“ஒண்ணுமில்ல. பாத்து ஓட்டுங்க.”

இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.

மாமா போனை வாங்கினார். இன்ஜின் உறுமுவது கேட்டது. எங்கள் கூட்டம் “ஆ” என்றது. உறுமல் ஏறிக்கொண்டே போய், கிறீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். போன் ஊமையாகிவிட்டது. அணையவில்லை, விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் ஒரு சத்தமும் இல்லை. பேச்சுக் குரல் அல்லாத பெரிய இரைச்சலை அந்தப் போன்கள் குப்பை என்று நினைத்து வடிகட்டிவிடும் என்று பின்னாளில் ஒருவர் விளக்கினார். அன்று எனக்கு யார் விளக்குவது? நான் நினைத்தது ஒன்றுதான். சங்கு ஊதிய இடம் விட்டுவிட்டது. இன்ஜின் ஸ்டீயரிங் மேல் இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் இறங்கியிருப்பாள். கூட்டத்தில் ஒருவன் “கட்டாயிடுச்சா?” என்று போனை எடுக்கப் போனான், நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். பலமாகவே தட்டியிருக்க வேண்டும், அவன் அடுத்த வாரம் வரை என்னோடு பேசவில்லை.

பிறகு மூச்சிரைக்க ஓடுகிற சத்தம், மாமாதான் ஓடியிருக்கிறார். பிறகு அவள் குரல்.

“அண்ணே! பதிமூணு புள்ளி ஆறு! தாங்கிடுச்சுண்ணே!”

புல்வெளியில் எழுந்த கூச்சலில் புறாக்கள் எல்லாம் பறந்துபோயின. நான் மட்டும் எழுந்திருக்கவில்லை. அழுதேன். நண்பர்கள் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து முதுகில் தட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு கடைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சில்லறையை அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

“அந்த இடத்துல ஒரு குட்டி மேடு இருந்துச்சுண்ணே. மாட்டுறப்பவே மாமா பாத்துட்டு, இது என்னன்னு கேட்டாரு. அண்ணன் போட்டது சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்.”

நன்றாகத் திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அதற்குப் பிறகு இன்று வரை, நிறுத்திய இடத்தைக் குடையாமல் நான் ஒரு வெல்டிங் ராடுகூட வைத்ததில்லை. இப்போது மற்றவர்கள் ஒட்டுவதைச் சரிபார்க்கிற வேலை. என்னைப் பார்த்தாலே வெல்டர்கள் கிரைண்டரைத் தேடுகிறார்கள்.

நஸ்ரீன் கல்யாணம் செய்துகொண்டு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய்விட்டாள். மாமா காலமான பிறகு கார் யாரோ ஒரு தரகர் கைக்குப் போனது. இரும்புச் சாமான் கடை இருந்த இடத்தில் முதலில் நகம் அழகுபடுத்துகிற கடை வந்தது, இப்போது முதுகுப் பையோடு வருகிற வெள்ளைக்காரர்களுக்கான தங்கும் விடுதி. லிம் ஓய்வுபெற்றுவிட்டார். அன்று விசா கிடைக்காமல் நான் இந்தப் பக்கமே நின்ற அந்தப் பாலத்தைத் தாண்ட, இப்போது இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசாவே வேண்டாம். மகளைக் கூட்டிக்கொண்டு அந்த ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் சாப்பிடக்கூடப் போய்வருகிறோம்.

லட்டு வாங்கிய அன்று இரவு நஸ்ரீனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன், அட்டை வாசனை பற்றி. சிரிப்புப் பொம்மைகளை வரிசையாக அனுப்பிவிட்டு, கடைசியில் ஒரு வண்டி எண்ணை எழுதியிருந்தாள். ‘மாமா வண்டி இன்னும் ஜேபிலதான் இருக்குண்ணே. ஞாயித்துக்கிழமை காலைல பழைய வண்டிக்காரங்க கடற்கரைல கூடுறாங்க, அங்க வருதாம். போய்ப் பாருங்க.’

போனேன். மகளுக்கு வழியெல்லாம் கதை சொல்லிக்கொண்டே போனேன். முப்பது நாற்பது வண்டிகள் நின்றன, எண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். பாசிப்பச்சை நிறம். நானோ இத்தனை வருடமும் அதைச் சிவப்பாக நினைத்திருந்தேன். யாரும் நிறத்தைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நான் நினைத்ததைவிட ரொம்பச் சின்ன கார்.

அதன் சொந்தக்காரர் ஜொகூர்த் தமிழர், முப்பது வயது இருக்கும். நான் குனிந்து பார்ப்பதைப் பார்த்து, சந்தோஷமாக பானெட்டைத் திறந்து காட்டினார். உள்ளே டர்போ இல்லை. அந்தக் காலத்துச் சின்ன இன்ஜின், பளபளவென்று, மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போகிற இன்ஜின்.

“அம்பது வருசத்து வண்டிணே. எல்லாமே ஒரிஜினல் லா. ஒரு ஆளு கைவெச்சது கிடையாது. அதுக்குத்தான் நாலு வருசம் தேடி வாங்குனேன்.”

சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் வலது பக்கம் கையை விட்டேன். என் மவுண்டிங் மாட்டிய நாலு போல்ட் துளை எங்கே இருக்கும் என்று எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும், அட்டையில் அத்தனை தடவை அளந்திருக்கிறேன். விரலால் தடவிப் பார்த்தேன். அடைத்து, ஒட்டி, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். எந்த மேடும் பள்ளமும் தட்டுப்படவில்லை. யார் செய்தாரோ, நல்ல கை.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, இதுல எந்த பார்ட் நீங்க செஞ்சது?”

அவர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இது வேற வண்டிம்மா,” என்றேன்.